வாசலுக்கு வெளியே நாலடி

என் மகன் பெனடிக்ட் வண்டியை இறக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இடிக்கிற ஆட்கள் இன்னும் வரவில்லை, வராமலே போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வருகிறது, வந்த வேகத்தில் அதை நானே தட்டிவிடுகிறேன், ஏழு நாள் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது, நகராட்சிக்காரன் தண்ணீர் விடத்தான் நாள் தவறுவான், இடிக்கத் தவற மாட்டான் என்று பக்கத்து வீட்டுக் கஸ்தூரி நேற்றுக்கூடச் சொன்னாள். மடியில் கொக்கி வைக்க வேண்டிய ரவிக்கை கிடக்கிறது, கையில் ஜெபமாலை. செவ்வாய்க்கிழமை, துக்க தேவ இரகசியம். முதல் பத்து மணியை மூன்று தரம் தொடங்கிவிட்டேன். நாலாவது மணிக்கு வந்ததும் நாலடி என்று மனசு சொல்லிவிடுகிறது, அதோடு ஜெபம் போய்விடுகிறது. நாலடி. எங்கள் கேட்டுக்கு வெளியே, சாக்கடைக்கு மேலே, தெருவைத் தொடுகிற வரைக்கும் சரிவுப்பாதை நாலடி. அதை என் கையாலேதான் எழுதிக் கொடுத்தேன். மாதாவே, யாரும் என்னை மிரட்டி எழுதச் சொல்லவில்லை. பெனடிக்ட் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையிலிருந்துதான் அந்தப் படிவம் வந்தது. மாற்றுத்திறனாளி இருக்கிற வீட்டில் அவருக்காகச் சரிவுப்பாதை, அகலக் கதவு, கக்கூஸில் பிடிகம்பி என்று மாற்றிக் கட்டியிருந்தால் வீட்டு வரியில் சலுகை உண்டாம், மனுப் போடும்மா என்று அவன்தான் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். வீடு என் பேரில் இருக்கிறது, அவன் அப்பா போன பிறகு மாற்றியது, அதனால் நான் எழுதினால்தான் செல்லும். வைக்கும்போதே சொன்னான், "கேட்டோட நிறுத்திக்கம்மா. வெளிய இருக்கிறத எழுதாத." சொன்னான், எனக்கு நன்றாகக் காது கேட்கிறது, காது கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவன் கடைக்குப் போன பிறகு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு அளந்தேன். முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறவள், அரை இஞ்ச் மாற்றி எழுதினால் அக்குள் பிடிக்கும் என்று தெரிந்தவள், அளந்த அளவைக் குறைத்து எழுதக் கை வரவில்லை. கீழே கையெழுத்துப் போட வேண்டும், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று அச்சடித்திருக்கிறது, அந்த வரிக்குக் கீழே பொய்யை வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எப்படி நற்கருணை வாங்கப் போவேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது முழுசும் உண்மை இல்லை. படம் வரைய ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். அதில் சரிவை வரைந்தபோது, கேட்டோடு நிறுத்தினால் அது குட்டையாக, பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது. செபஸ்தியான் கொத்தனார் எவ்வளவு அழகாகக் கட்டினார், தெருவரைக்கும் ஒரு ஓடை போல வழிந்து இறங்குமே, அதை முழுசாக அந்த ஆபீசில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பெருமை. பதினெட்டு அடி என்று எழுதி, அதில் வாசலுக்கு வெளியே நான்கு அடி என்று தனியாக வேறு எழுதி அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு எதற்கு? யார் கேட்டது?

அதைப் பார்த்துவிட்டு நகராட்சி அனுப்பிய இடிப்பு நோட்டீசை அலமாரியின் மேல்தட்டில், பழைய கர்ச்சீப் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். பெனடிக்டின் கை எட்டாத இடம் எது எது என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். ஏழு வருஷமாக அந்த இடங்களில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன், டம்ளரை, பேன் சுவிட்சை, அவன் சீப்பை, எல்லாவற்றையும் அவன் கை எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுவந்தேன், இப்போது அவனிடமிருந்து ஒன்றை மறைக்க வேண்டும் என்றதும் என் கை தானாக மேலே போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்வது, சாமி, என் மகனுடைய நடக்க முடியாத குறையை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்றா? முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், அவன் அன்றைக்குக் கடையில் யாரோ ஓர் அம்மாள் முதியோர் பென்ஷன் படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் "அந்த ஆளு பேரு வேண்டாம் தம்பி" என்று சொன்னதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான், சிரிப்பு நிற்கட்டும் என்று இருந்தேன், நின்ற பிறகு நாளைக்கு என்று இருந்தேன். விக்டருக்கு மட்டும் போன் செய்தேன். மூத்தவன் திருப்பூரிலிருந்து, "ஏம்மா, வரி ஆபீசுக்குப் போய் ஆக்கிரமிப்ப எழுதிக் குடுத்த ஒரே ஆள் நீதாம்மா, உனக்குச் சிலை வைக்கணும்," என்றான், பிறகு அவனே சங்கடப்பட்டு, லீவு கிடைக்குதா பார்க்கிறேன் என்றான். லீவு கிடைத்து அவன் வந்து என்ன செய்வான், மூன்று நாள் தம்பியைத் தூக்கி இறக்குவான், நாலாம் நாள் பஸ் ஏறுவான். தூக்குவது. பெனடிக்ட் பெயின்டராக இருந்தான், மூன்றாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கி வெள்ளையடித்தவன், கயிறு அறுந்து விழுந்தபோது வயது இருபத்தாறு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னது ஒரு மத்தியான வேளை. வீட்டுக்கு வந்தது முதல் பதினேழு மாதம் கட்டிலோடு கிடந்தான். மழைத் தண்ணீர் வருகிறது என்று அவன் அப்பா வீட்டை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தார், அந்த உயரம் அவனைச் சிறை வைத்தது. ஆஸ்பத்திரி போக வேண்டுமானால் நாலு பேரைக் கூப்பிட வேண்டும், நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள், "தல பக்கம் பாத்து, தல பக்கம் பாத்து" என்று மூட்டை இறக்குகிற மாதிரி சத்தம் போடுவார்கள், அவன் கண்ணை மூடிக்கொள்வான். அந்தப் பதினேழு மாதத்தில் அவன் பேசியது ஒரே சொல். சாப்பிடுறியாப்பா, சரி. திரும்பிப் படுக்கிறியா, சரி. ஜெசிந்தா வந்திருக்கா பாரு, தங்கச்சி, சரி. வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டான். சரி என்பான், மூன்று வாய் வாங்குவான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

தலையணைக்குள் இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். துவைக்க எடுத்தபோது ஓரத் தையலில் விரல் ஓடியது, நின்றது. அது என் தையல் இல்லை. நான் நெருக்கமாக, திரும்பிப் பின்னால் போய் முன்னால் வருகிற தையல் போடுவேன், அங்கே ஓரிடத்தில் ஓர் இஞ்சுக்குப் பெரிது பெரிதாக, பழகாத கை போட்ட தையல். என் ஊசி டப்பா கட்டில் பக்கத்தில்தான் இருக்கும். பிரித்தேன். உள்ளே பஞ்சுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளில் மடித்து, தூக்கத்துக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரைகள். தினம் வாயில் போட்டுக்கொண்டதாக நான் பார்த்துக்கொண்டு நின்ற மாத்திரைகள். எத்தனை என்று நான் எண்ணவில்லை, எண்ணக் கூடாது என்று தோன்றியது, கொல்லையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு அதே இடத்தை என் தையலால் தைத்து அவன் தலைக்குக் கீழே வைத்தேன். அவன் அன்று அதன் மேல் தலையை வைத்தான், விரல் ஓரத் தையலுக்குப் போயிற்று, அவனுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது, அதைப் பற்றி இன்றுவரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாள்தான் செபஸ்தியான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் வாசலைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், "மதினி, கேட்டோட நிறுத்தினா சரிவு செங்குத்தாப் போயிரும், வண்டி கவுந்துரும். தெருவரைக்கும் இழுத்தாத்தான் தம்பி தனியா ஏறி இறங்க முடியும்," என்றார். தனியா என்றார். அந்த ஒரு சொல்லுக்காக என் வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். சர்க்கார் கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டரில் அவன் முதல் நாள் இறங்கியபோது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினான், தெரு முனைவரைக்கும் போய்த் திரும்பி வந்தான், ஏறி நடையில் நிறுத்தி, கம்பியைப் பிடித்துச் சக்கர நாற்காலிக்குத் தானே மாறி உட்கார்ந்து, "அம்மா, முனைக்கடையில டீ மூணு ரூவா ஏத்திட்டாங்க," என்றான். சரி என்பதைத் தவிர வேறு பேசிவிட்டான். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வந்துவிட்டார்கள். ஒரு குட்டி லாரி, கல்லுடைக்கிற மெஷின், நாலு ஆட்கள், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒரு மேஸ்திரி. ஜெபமாலை எந்த மணியில் நின்றது என்று தெரியவில்லை. மேஸ்திரி கேட்டுக்கு வெளியே நின்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுபோல நிற்கிறார், "அம்மா, நீங்கதான திரேசம்மாள்?" என்கிறார். நான்தான் என்கிறேன். தாளை நீட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறேன், போட்டபிறகுதான் என் கையெழுத்து எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். "ஒரு மணிக்கு என் பையன் வருவான் ஐயா, அவனுக்கு வேற வழி இல்ல," என்கிறேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். வரிசையாக வீடுகளின் படிகள் சாக்கடை தாண்டித் தெருவில் கால் நீட்டிக்கொண்டிருக்கின்றன. "இதெல்லாமும் வெளியதான் இருக்கு, எனக்குக் கண்ணு இல்லையா? ஆனா ஒருத்தரும் எழுதிக் குடுக்கலியேம்மா. உங்களது ஃபைல்ல ஏறிப்போச்சு, அளவோட, படத்தோட. எழுத்துல வந்துட்டா நாங்க கண்ண மூட முடியாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க," என்கிறார், நிஜமாகவே வருத்தமாகத்தான் சொல்கிறார். மெஷினைப் போட்டுவிட்டார்கள். வீடு முழுக்க நடுங்குகிறது, அலமாரி மேலே டப்பா நடுங்குகிறது, மாதா சுரூபத்துக்கு முன்னால் வைத்த விளக்கின் எண்ணெய் வட்டம் வட்டமாக அசைகிறது. நான் ரவிக்கையை எடுத்துக் கொக்கி வைக்கிறேன். வேறு என்ன செய்ய. முதல் கொக்கி, இரண்டாவது கொக்கி. இரண்டாம் தேவ இரகசியம் என்ன, இயேசுவைக் கற்றூணில் கட்டி அடித்தது, அந்தத் தாய் எங்கே நின்றிருப்பாள், சத்தம் கேட்கிற தூரத்தில் நின்றிருப்பாளா, வேறு வேலை ஏதாவது செய்துகொண்டிருந்திருப்பாளா. வேலை செய்துகொண்டிருந்திருப்பாள். ஓர் ஆள் தண்ணீர் கேட்டான், சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன வயதில்லை, காதோரம் நரைத்தவன், குடித்துவிட்டு, "வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க இருக்காங்களாம்மா?" என்றான். மகன் என்றேன். சொம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான், போய் மறுபடியும் மெஷினைப் பிடித்தான். அவனைக் கோபித்துக்கொள்ள முயற்சி செய்தேன், முடியவில்லை, கோபத்துக்கு ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் டேப்பும் கையுமாக நான்தான் முட்டி போட்டு நிற்கிறேன்.

சத்தம் நின்றது. கஸ்தூரி தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள், தூசி. "என்னக்கா, எங்க படியப் பத்தி ஏதும் கேட்டாங்களா?" என்பதுதான் முதல் வார்த்தை. இல்லை என்றேன். "நீங்க பாட்டுக்கு உண்மையச் சொல்றேன்னு எங்களதையும் அளந்து குடுத்துராதீங்க தாயி," என்று சிரித்தாள், சிரித்தவள் இடித்த இடத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். கேட்டு இருக்கிற கோட்டில் கத்தி வைத்து அறுத்த மாதிரி நறுக்கியிருக்கிறார்கள். சரிவு அந்தரத்தில் முடிகிறது. முக்கால் அடி உயரம், அதற்குக் கீழே ஒன்றரை அடி அகலத்துக்குச் சாக்கடை திறந்து கிடக்கிறது, கறுப்புத் தண்ணீரில் ஒரு பால் பாக்கெட் மிதக்கிறது, அப்புறம் தெரு. நடக்கிறவர்களுக்கு ஒரு தாண்டு. எனக்கே ஒரு தாண்டுதான், முட்டி வலியோடு. மேஸ்திரி சொன்னார், "கழட்டி மாட்டுற மாதிரி இரும்புப் பலகை ஒண்ணு போட்டுக்கங்கம்மா, வேலை முடிஞ்சதும் உள்ள எடுத்து வச்சிரணும், அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." ஸ்கூட்டரையும் அவனையும் தாங்குகிற இரும்பை யார் தூக்கிப் போடுவது, யார் எடுத்து வைப்பது, நானா, அவனா? காலையும் சாயங்காலமும் யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிடுவது, காத்திருப்பது, நன்றி சொல்வது. தனியா என்ற சொல்லைத்தான் அவர்கள் உடைத்து லாரியில் ஏற்றினார்கள், சிமென்டை இல்லை. போகிற நேரத்தில் மேஸ்திரி நினைவு வந்தவராகச் சட்டைப் பையைத் தடவி ஒரு கவரை எடுத்தார். "வரிப் பிரிவுல குடுத்து விட்டாங்க, இந்தத் தெருவுக்குத்தான போற, கையோட குடுத்துருன்னு." பிரித்தேன். என் மனு ஏற்கப்பட்டதாம். வீடு மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கு உகந்தவாறு அமைக்கப்பட்டுள்ளதால் சலுகை வழங்கப்படுகிறதாம். மேற்படி வசதிகளைத் தொடர்ந்து நல்ல நிலையில் பராமரித்து வர வேண்டுமாம். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்து, "நல்ல சேதியாம்மா?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். அந்தப் பொய் மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது.

மணி பன்னிரண்டே முக்கால். கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறேன், அவனுக்குப் பிடித்தது, காலையிலேயே வைத்துவிட்டேன், லஞ்சம் மாதிரி. தூசியைக் கூட்டினேன், நறுக்கிய விளிம்பில் மணல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, கூட்டக் கூட்ட உதிர்கிறது. போன் செய்து சொல்லிவிடலாமா, வழியில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், பதறுவான், வேண்டாம். சொல்லாமல் அவன் கண்ணால் பார்க்கட்டும் என்று விடுவது அதைவிடக் கொடுமை இல்லையா, ஆமாம், அப்படியானால் போனை எடு, எடுக்கவில்லை. மூன்றாம் இரகசியம், முள்முடி. நாலாம் இரகசியம் சிலுவை சுமப்பது, அதற்குப் போகப் பயமாக இருக்கிறது. மாதாவே, அவன் கோபப்பட வேண்டும். என்னைத் திட்ட வேண்டும், தட்டை விட்டெறிய வேண்டும், உனக்கு அறிவிருக்கா என்று தெருவே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லக் கூடாது. இதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிச் சத்தம். முனை திரும்பும்போது ஹாரன் ஒன்று அடிப்பான், நான் கேட்டைத் திறந்து வைப்பதற்காக, அடித்தான். கேட்டு திறந்துதான் இருக்கிறது. நான் விளிம்பில் நிற்கிறேன். அவன் வழக்கமான வேகத்தில் வந்தான், வளைத்துத் திருப்பினான், பிறகு நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. சரிவு முடிகிற இடத்தைப் பார்த்தான், சாக்கடையைப் பார்த்தான், பக்கத்து வீட்டுப் படிகளைப் பார்த்தான், கடைசியாக என்னைப் பார்த்தான்.

"வெளிய இருக்கிறதையும் எழுதினியாம்மா?"

"எழுதிட்டேன்ப்பா. ஏழு நாளா உன்கிட்ட சொல்லல. நோட்டீச ஒளிச்சு வச்சிட்டேன்."

இன்ஜினை அணைத்தான். வெயில் அவன் தலையில் நேராக இருந்தது. ஹேண்டிலில் தொங்கிய பையில் நான் காலையில் கொடுத்த மோர் பாட்டில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"சரி," என்றான்.

கஸ்தூரியின் வீட்டுக்காரர் வந்தார், டீக்கடையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், நல்ல மனுஷர்கள், கூப்பிடுவதற்கு முன்னாலேயே வந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், ஒருவர் இடுப்பில், கால்கள் இரண்டும் ஒருவர் கையில். "பாத்து, பாத்து, தல பக்கம் பாத்து." யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, அதே சொல், இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் எங்கேயோ காத்துக்கொண்டிருந்த மாதிரி அதே சொல். பெனடிக்ட் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு செருப்பு கழன்று சாக்கடையில் விழுந்தது, உணர்ச்சி இல்லாத கால், அவனுக்குத் தெரியவில்லை, நான் குனிந்து எடுத்துக் கழுவினேன். வண்டி தெருவிலேயே நிற்கட்டும் என்றார்கள், பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். அவன் கையில் கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினேன். நன்றாக இருக்காப்பா என்றேன். தலையை ஆட்டினான். மூன்று வாய் சாப்பிட்டான், நான் எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணினேன், தட்டைத் தள்ளினான். சாயங்காலம் கடைக்குப் போகணும்னா நாலு மணிக்கு அவங்களையே வரச் சொல்லட்டுமா என்றேன். கை கழுவக் குழாயடிக்குச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போனான், அந்தக் குழாய் அவன் கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது, அகலக் கதவு இருக்கிறது, பிடிகம்பி இருக்கிறது, வீடு முழுக்க அவனுக்கு உகந்தவாறு அமைந்திருக்கிறது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் அவன் கட்டிலுக்குப் போனேன். தலையணையை எடுத்தேன். ஓரத்தைப் பிடித்து, ஒரு முனையில் ஆரம்பித்து, ஜெபமாலையை உருட்டுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே வந்தேன், நெருக்கமாக, பின்னால் போய் முன்னால் வந்து, நாலு பக்கமும். என் தையல்தான். இன்றைக்கு முழுக்க என் தையல்தான். குழாயை மூடுகிற சத்தம் கேட்டது, தலையணையை இருந்த மாதிரியே வைத்தேன், கட்டில் பக்கத்தில் இருந்த ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அலமாரியின் மேல்தட்டில், நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.